கிட்டங்கிகளில் மோட்டார் உருளைப் பாதை

(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில், கிட்டங்கி வியாபாரத்திலுள்ள அங்கத்தினர் ஒருவர் செய்த உபந்நியாசம்)



கல்வியிற் சிறந்த பலர் பேசிய இம்மேடையில் பேசுவதற்கு எனக்குள்ள தகுதி மிகச் சிறியது. நான் பண்டிதனல்லன், எஞ்சினீயருமல்லன். பருப்பு, வற்றல், எண்ணெய் முதலிய சரக்குகளை வாங்கி வைத்து விற்கும் கிட்டங்கிக்காரன். ஆயினும், நம்மவர்களிற் பலர் கிட்டங்கியும் ஆலையும் நடத்துகிறவர்களாதலால், சரக்கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்த்தும் புதிய சாதனமொன்றைக் குறித்து என் அநுபவத்தைச் சொல்லும்படி காரியதரிசி அவர்கள் கட்டளையிட்டார்கள். அநுபவம் என்று நான் சொல்லுவதிற் பாதி, நான் செய்த பிழைகளேயாம். அவற்றை மறைக்காமற் சொல்லுவதே உங்களுக்குப் பிரயோஜனமாகும் என்று கருதுகிறேன்.

சுமையின் கணக்கு

லாரி வந்து நின்றதும் பலகை சாத்துவதும், தலையிற் சும்மாடும் கையிற் கொக்கியுமாக ஆட்கள் வரிசையாக ஏறி இறங்குவதும் நாம் பிறந்தது முதற் பார்த்துவரும் காட்சி. பார்த்துப் பழகிய காரணத்தினாலேயே அதன் கணக்கை நாம் போட்டுப் பார்ப்பதில்லை. லாரிக்கும் அட்டிக்கும் இடையே 30 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை 50 கிலோ. ஒருவர் ஒரு நாளில் 200 மூட்டை சுமந்தாரானால், அவர் தலைமேல் ஏறியிறங்கிய பாரம் 10,000 கிலோ. அதாவது 10 டன். பாரத்தோடு நடந்த தூரம் 6 கிலோ மீட்டர். வெறுங்கையோடு திரும்பிய தூரம் மற்றுமோர் 6 கிலோ மீட்டர். இவ்வேலையை இருபது வயதில் தொடங்கியவருக்கு நாற்பத்தைந்தில் முழங்காலும் இடுப்பும் என்ன நிலையிலிருக்கும் என்பதை நான் வருணிக்க வேண்டுவதில்லை.

உலகத்தார் இதனைப் பற்றி யோசிக்காமலில்லை. 1948-ஆம் வருஷத்தில் நம் தேசத்தில் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, ஊறு விளைவிக்கத்தக்க அத்தனை பாரத்தை எந்தத் தொழிலாளியும் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ வைக்கலாகாது என்று விதித்தது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-ஆம் வருஷத்தில், வயது வந்த ஆண் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்பட்டிருக்குமாயின் அதனை விரைவில் அவ்வளவுக்குக் குறைக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. அமெரிக்க அரசாங்கத்தின் தொழிற்சுகாதார ஆராய்ச்சி நிலையத்தார் 1991-ல் வகுத்த கணக்கின்படி, எல்லா வசதிகளும் பொருந்திய நிலையிலுங்கூட ஒருவர் கையால் தூக்கத்தக்க பாரம் 23 கிலோவே. நம் மூட்டையோ அதனினும் இருமடங்குக்கு மேல்.

பழைய உருளையும் புதிய உருளையும்

உருளையின் தத்துவம் நமக்குப் புதிதன்று. கனத்த யந்திரமொன்றை ஆலைக்குள் இறக்கும்போது அதன் அடியில் இரும்புக் குழாய்த் துண்டுகளை வைத்து நாலு பேர் சேர்ந்து உருட்டிச் செல்வதைக் கண்டிருப்பீர்கள். இழுத்தால் அசையாத பாரம் உருட்டினால் அசையும். ஆனால், பின்னால் விடுபட்ட குழாயை எடுத்து மறுபடியும் முன்னாற் கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்தக் குழாய்களையே இரண்டு பக்கச் சட்டங்களுக்கிடையே வரிசையாகப் பொருத்தி, ஒவ்வொன்றின் முனையிலும் குண்டுப் பேரிங்கு வைத்துவிட்டால் உருளை நின்ற இடத்திலேயே சுழலும். சரக்கு மாத்திரம் நகரும். இதுவே உருளைப் பாதை.

1913-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்து ஹைலண்டு பார்க்கில் ஹென்றி போர்டு தமது மோட்டார் வண்டித் தொழிற்சாலையை மாற்றியமைத்த கதை பிரசித்தம். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த அடிச்சட்ட வேலை சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடியலாயிற்று. அதில் சங்கிலியால் இழுக்கப்பட்ட பாதையைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால், அங்கே பாகங்கள் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குச் செல்வதற்குச் சரிவுப் பலகைகளும் உருளை வரிசைகளும் ஏராளமாக உபயோகிக்கப்பட்டன. ஆளிடம் சரக்கு வரவேண்டுமேயன்றிச் சரக்கிடம் ஆள் போகலாகாது என்பதே அந்த ஏற்பாட்டின் கருத்து.

உருளைப் பாதையில் மூன்று விதங்களை அறிந்தால் போதும். முதலாவது, சரிவுப் பாதை. நூறு அடிக்கு இரண்டு முதல் ஐந்து அடி வரை சரிவு கொடுத்தால் பெட்டி தன் பாரத்தினாலேயே ஓடும். மின்சாரச் செலவு இல்லை. ஆனால் கனத்த பெட்டி வேகமாக ஓடி முன்னிருப்பதை மோதும், லேசான பெட்டி நடுவழியில் நின்றுவிடும். இரண்டாவது, ஒரே பெரிய மோட்டாரினால் ஒரு நீண்ட தண்டையோ சங்கிலியையோ பெல்ட்டையோ சுழற்றி, அதனால் எல்லா உருளைகளையும் ஓட்டுவது. சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலை முதல் மாலை வரை இது முழுவதும் சுழன்று கொண்டேயிருக்கும், ஓசையும் அதிகம், ஓரிடத்திற் பழுதுற்றால் எல்லாம் நிற்கும். மூன்றாவது, இன்று நான் பேச வந்த மோட்டார் உருளைப் பாதை.

உருளைக்குள் ஒளிந்த மோட்டார்

இதில் மோட்டார் வெளியே தென்படாது. சுமார் 50 மில்லி மீட்டர் குறுக்களவுள்ள உருளைக் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும். அச்சு சட்டத்தில் அசையாமல் நிற்க, அதனைச் சுற்றிக் குழாய் சுழலும். மோட்டார் வெகு வேகமாகச் சுழலுமாதலால் அந்த வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டுவதற்கு, நடுவே சூரியனைப் போல ஒரு பற்சக்கரமும் அதனைச் சுற்றிக் கிரகங்களைப் போலச் சிறு பற்சக்கரங்களும் அமைந்திருக்கும். ஜப்பானில் இத்தோ டென்கி என்னும் கம்பெனியார் 1970-களில் இத்தகைய உருளைகளைச் செய்யலாயினர். ஜெர்மனியில் 1959-ல் தோன்றிய இன்டர்ரோல் என்னும் கம்பெனியாரும் இத்துறையிற் பேர் பெற்றவர்கள். இக்காலத்து மோட்டார்களில் தேய்ந்துபோகும் கார்பன் துண்டுகள் இல்லை. நிலைக்காந்தத்தை எலெக்ட்ரானிக் அட்டையொன்று மின்னோட்டத்தை மாற்றி மாற்றிச் சுழற்றுகிறது. மின்சாரம் 24 வோல்ட்டு நேர் மின்சாரம். இப்போது 48 வோல்ட்டிலும் வருகிறது. நம் வீட்டு 230 வோல்ட்டைப் போல் உயிருக்கு ஆபத்தானதன்று.

எல்லா உருளைகளும் மோட்டார் உருளைகளல்ல. பாதையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு மோட்டார் உருளை வைத்து, மற்ற உருளைகளை அதனோடு சிறு வளையப் பெல்ட்டுகளால் பிணைத்துவிடுகிறார்கள். ஒருவர் நடக்க மற்றவர் கைகோத்துத் தொடர்வது போல அவை சுழலும். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு ஒளிக்கண் உண்டு. பெட்டி வந்து ஒளியை மறைத்ததும், தன்னிடம் சரக்கு உளது என்று அப்பகுதி அறிகிறது. முன்னுள்ள பகுதி காலியாக இருந்தால் பெட்டியை அனுப்புகிறது. காலியாக இல்லாவிட்டால் தன் உருளைகளை நிறுத்திப் பெட்டியைத் தாங்கி நிற்கிறது. ஆகவே, வரிசையில் நாற்பது பெட்டிகள் காத்திருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று மோதி நெருக்குவதில்லை. கண்ணாடிப் போத்தல், அப்பளப் பெட்டி முதலிய நொறுங்கும் சரக்குள்ளவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இதன் சிக்கனம் எங்கே இருக்கிறது என்பதையும் கணக்காற் காட்டுகிறேன். 30 கிலோ பெட்டியை உருளைமேல் நகர்த்துவதற்கு அதன் பாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது ஒன்றரைக் கிலோவைத் தூக்கும் பலமே போதும். வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் அதற்கு வேண்டிய சக்தி ஏழெட்டு வாட்டு. வீட்டிலெரியும் எல்.இ.டி. விளக்கொன்றுக்கு வேண்டிய அளவே. எனவேதான் 20, 35, 50 வாட்டு மோட்டார்களே இவ்வேலைக்குப் போதுமாயிருக்கின்றன. பாரத்தைத் தூக்குவதற்கும் நகர்த்துவதற்கும் உள்ள தாரதம்மியம் அத்துணை பெரிது. ஆனால், 30 மீட்டர் பாதையை முக்கால் மீட்டர்ப் பகுதிகளாகப் பிரித்தால் நாற்பது மோட்டார்கள் வேண்டும். தலைக்கு 40 வாட்டு என்றால் எல்லாம் சேர்ந்து 1,600 வாட்டு. ஒரே மோட்டார் வைத்தால் இதனினும் சிறியதே போதுமாயிருக்கலாம். அப்படியாயின் சிக்கனம் எங்கே? நாற்பதும் ஒருங்கே ஓடுவதில்லை என்பதிலேதான். பெட்டி உள்ள பகுதி விழித்திருக்கும்; மற்றவை உறங்கும். ஓயாமல் சரக்கு ஓடும் ஆலைக்கு மின்சாரச் செலவில் லாபம் சொற்பமே. விட்டு விட்டுச் சரக்கு வரும் நம் போன்றோருக்கே லாபம் மிகுதி. விற்க வருகிறவர் இந்த வேறுபாட்டைச் சொல்லமாட்டார்.

நான் செய்த பிழை

இனி என் கதைக்கு வருகிறேன். ஒரு கண்காட்சியில் அட்டைப் பெட்டிகள் ஓசையின்றி ஓடுவதைக் கண்டு மயங்கி, என் கிட்டங்கிக்கு ஒரு பாதையை வரவழைத்தேன். "மூட்டையும் ஓடுமா?" என்று கேட்டேன். "தாராளமாக ஓடும்" என்றார் விற்றவர். பாதை வந்தது, பூஜையும் நடந்தது. முதல் துவரம்பருப்பு மூட்டையை வைத்தோம். இரண்டு முழம் நகர்ந்தது, நின்றுவிட்டது. உருளைகளுக்கிடையே மூட்டையின் வயிறு தொங்கி, ஒவ்வோர் உருளையும் அதற்கு ஒரு மேடாகிவிட்டது. தள்ளிவிட்டோம். மூட்டையின் காது இரண்டு உருளைகளுக்கு நடுவிற் புகுந்து, ஒரு வளையப் பெல்ட்டு அறுந்தது. அங்கிருந்தவர்கள் எல்லாரும் பேசாமல் நின்றார்கள். சுமைக் கூட்டத்து மேஸ்திரி, முப்பது வருஷங்களாக என் தகப்பனார் காலந்தொட்டு இருப்பவர், மெல்ல அருகில் வந்து, "முதலாளி, பெட்டிக்கு அடி உண்டு; மூட்டைக்கு அடி ஏது?" என்றார். பாதையை வாங்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தேனாகில் அந்நஷ்டம் நேர்ந்திராது.

அவர் சொன்னதே இச்சாஸ்திரத்தின் முதல் விதி. அடி தட்டையாகவும் கெட்டியாகவும் உள்ள பெட்டி, டின், பிளாஸ்டிக் தொட்டி ஆகியவையே உருளைக்கு உரியவை. மூட்டைக்குப் பெல்ட்டுப் பாதையே தக்கது. அல்லது மூட்டையின் கீழே பலகை வைக்க வேண்டும். நான் இப்போது லாரியிலிருந்து மூட்டை இறக்குவதற்குப் பெல்ட்டையும், சில்லறைப் பொட்டலங்கள் அடைத்த அட்டைப் பெட்டிகளுக்கு உருளையையும் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது விதி: எவ்வளவு சிறிய பெட்டியானாலும் அதன் கீழ் எப்போதும் மூன்று உருளைகளாவது இருக்க வேண்டும். 30 சென்டி மீட்டர் நீளமுள்ள பெட்டிக்கு உருளைகளின் இடைவெளி 10 சென்டி மீட்டருக்கு மேற்படலாகாது. ஆதலால், உங்கள் சரக்கில் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் அளந்து குறித்துக்கொண்டே விலை பேசுங்கள். சிறியது இடைவெளியை நிர்ணயிக்கும். பெரியது பகுதியின் நீளத்தை நிர்ணயிக்கும்.

மூன்றாவது: மின்சாரம் 24 வோல்ட்டு ஆனபடியால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் அதிகம், தூரம் கூடக் கூட வோல்ட்டு குறைந்து, கடைசி மோட்டார் சோர்ந்துபோகும். மின்சாரம் வழங்கும் பெட்டிகளைச் சில பகுதிகளுக்கு ஒன்றாகப் பாதையின் ஓரத்திலேயே வைக்க வேண்டும். 48 வோல்ட்டானால் மின்னோட்டம் பாதியாகவும், அதே கம்பியில் வீணாகும் சக்தி நாலில் ஒன்றாகவும் குறையும். எல்லாப் பெட்டிகளையும் ரயில்போல் ஒரே சமயத்திற் கிளப்புவதற்கு மிகுந்த மின்னோட்டம் வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக விடுவதற்குக் குறைவாகவே வேண்டும். அவசரமில்லாத கிட்டங்கிக்குப் பின்னதே போதும்.

நான்காவது: தூசி. ஒரு நாள் எங்கள் பாதை காரணமின்றி நின்றது. எலெக்ட்ரீஷியனுக்கு ஆள் அனுப்பிவிட்டு அரை நாள் காத்திருந்தோம். பொட்டலம் கட்டும் பெண்ணொருத்தி வந்து, வற்றல் தூள் படிந்திருந்த ஒளிக்கண்ணைத் துணியால் துடைத்தாள், பாதை ஓடிற்று. கண் மங்கினபடியால், இல்லாத பெட்டி இருப்பதாக அது எண்ணிக்கொண்டிருந்தது! அன்று முதல் காலையில் விளக்கு வைப்பதற்கு முன் கண்களைத் துடைப்பது எங்கள் கிட்டங்கியில் நியமமாகிவிட்டது. ஈரமுள்ள இடத்திற்கும் குளிர்சாதன அறைக்கும் அவற்றிற்கென்றே செய்த உருளைகளைக் கேட்டு வாங்க வேண்டும். தீப்பெட்டி மருந்து, வெடிமருந்து, எளிதிற் பற்றும் ஆவி ஆகியவை உள்ள இடத்திலோ, சாதாரண மோட்டார் உருளையை அண்டவிடவே கூடாது. அத்தொழிலிலுள்ள நம் அங்கத்தினர்கள் இதனை முக்கியமாகக் கவனிக்கக் கோருகிறேன்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 24 வோல்ட்டு ஷாக் அடிக்காது என்பதால் இது விளையாட்டுச் சாமான் என்று எண்ணிவிடலாகாது. மோட்டார் சிறிதாயினும் விரலை நசுக்க வல்லது. முந்தானை, தாவணி, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே அகப்பட்டால் விபரீதம் நேரும். விடுமுறை நாளிற் கிட்டங்கிக்கு வரும் குழந்தைகள் அதன்மேல் ஏறிச் சவாரி செய்ய ஆசைப்படுவார்கள். ஒருநாளும் அநுமதிக்க வேண்டாம். பாதை நெடுகக் கைக்கெட்டும்படி நிறுத்தும் கயிறு இருக்க வேண்டும். கயிற்றை இழுத்தவரை, அவர் காரணமின்றி இழுத்திருந்தாலும், கடிந்துகொள்ளலாகாது. கடிந்தால் அடுத்த முறை இழுக்க வேண்டியவர் தயங்குவார்.

தோளும் வயிறும்

கடைசியாக, இவ்விஷயத்தில் மிகவும் கடினமான கேள்வி ஒன்றுண்டு. பாதை வந்தால் சுமக்கிறவர் என்ன ஆவார்? எங்கள் கிட்டங்கியில் கூலி சிப்பக் கணக்கு. பாதை சரிவர ஓடத் தொடங்கியதும், வேலை பாதியாயிற்று என்று நானாகவே தீர்மானித்து, எவரையும் கலக்காமற் கூலியையும் பாதியாக்கினேன். மறுநாள் ஒருவரும் வரவில்லை; மூன்று நாள் லாரிகள் வாசலில் நின்றன. நான்காம் நாள் நானே மேஸ்திரியின் வீட்டுக்குப் போனேன். "பெரியவரே, உங்கள் முதுகுக்கு நல்லதென்றுதானே செய்தேன்?" என்றேன். "வாஸ்தவந்தான், முதலாளி. முதுகுக்கு நல்லதுதான். வயிற்றுக்கும் நல்லதாக இருக்க வேண்டாமா?" என்றார். என்னிடம் பதிலில்லை.

பிறகு உட்கார்ந்து பேசினோம். சிப்பக் கணக்கை விட்டு மாதச் சம்பளமாக்கினோம். முந்திய வருஷத்தில் ஒவ்வொருவரும் சராசரியாகப் பெற்றதற்குக் குறையாமல் நிர்ணயித்தோம். உடலுழைப்புத் தொழிலாளருக்கென 1982-ல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் நல வாரியத்தில் எல்லாரையும் பதிவு செய்வித்தோம். இளைஞர் இருவர் பெல்ட்டு மாற்றவும் அட்டையைச் சோதிக்கவும் கற்றுக்கொண்டார்கள். மேஸ்திரி பாதையின் முனையில் முக்காலி போட்டு அமர்ந்து எண்ணிக்கை பார்க்கிறார். ஆள் குறையவே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். வயதாகி விலகிய மூவருக்குப் பதிலாக நான் வேறு ஆள் எடுக்கவில்லை. அந்த மூன்று வேலைகள் அவ்வூர்ப் பிள்ளைகள் எவருக்கோ கிடைத்திருக்கும். இதனை நான் மறப்பதில்லை. ஆனால், தம் பிள்ளையைச் சும்மாடு கட்ட அனுப்ப விரும்பும் சுமைக்காரர் எவரையும் நான் இதுவரை கண்டதுமில்லை.

ஆகையால் சங்கத்தாருக்கு இரண்டு விண்ணப்பங்கள் செய்து அமர்கிறேன். பாதை வாங்க எண்ணும் அங்கத்தினர்கள் முதலில் எவருடைய கிட்டங்கிக்காவது சென்று, தங்கள் சரக்கையே கையோடு கொண்டுபோய், அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கும்படி சங்கம் ஓர் ஏற்பாடு செய்யவேண்டும். என் கிட்டங்கியின் கதவு அதற்கு எந்நாளும் திறந்திருக்கும். இரண்டாவதாக, நம் கல்வி நிதியிலிருந்து வருஷந்தோறும் சில பிள்ளைகளை ஐ.டி.ஐ.யில் மின்சார வேலை படிக்க வைக்கும்போது, நம் கிட்டங்கிகளிற் சுமக்கிறவர்களின் பிள்ளைகளையும், அவர்கள் எக்குலத்தவராயினும், சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் சரக்கைத் தலையிற் சுமந்தே நம்மை இந்நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். பாரத்தை அவர்கள் தலையினின்றும் இறக்கும் நாளில், பிழைப்பையும் சேர்த்து இறக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுவது நம் கடமையாகும்.